கராத்தே வகுப்பில் சண்டைப் பயிற்சி: பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை

கொலன்னாவை, வெல்லம்பிட்டிய, கொதட்டுவ பகுதிகளில் சனி, ஞாயிறு காலைகளில் வெள்ளைச் சீருடையும் கலர் பெல்ட்டுமாகப் பிள்ளைகள் கராத்தே வகுப்புக்குப் போவதை இப்போது சாதாரணமாகக் காணலாம். டியூஷனுக்கும் கைப்பேசிக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் எமது பிள்ளைகளுக்கு இது நல்லதொரு மாற்றம். பெண் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருப்பது இன்னும் சந்தோஷமான விடயம்.

இந்தப் பகுதியில் வார இறுதி நாட்களில் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்கும் ஒருவன் என்ற வகையில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு கேள்விகள். ஒன்று, "அடுத்த பெல்ட் எப்போது சேர்?" மற்றது, "பைட் எப்போது பழக்குவீர்கள்?" இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இது. ஜப்பானிய மொழியில் குமித்தே என்றும், ஆங்கிலத்தில் ஸ்பாரிங் என்றும் சொல்லப்படும் இருவர் சண்டைப் பயிற்சியை முறையாகச் செய்தால் பிள்ளைக்குத் தைரியம், நிதானம், உடல் உறுதி எல்லாம் கிடைக்கும். முறை தவறினால் காயமும் பயமும்தான் மிஞ்சும். பலமாக அடிபட்ட பிள்ளை பெரும்பாலும் வீட்டில் எதையும் சொல்லாது. இரண்டு வாரம் வயிற்று வலி என்று சொல்லும், மூன்றாவது வாரம் வகுப்புக்கே வராது.

டோக்கியோ இறுதிப் போட்டி சொல்லும் பாடம்

கராத்தே ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது டோக்கியோ 2020 போட்டிகளில். கொவிட் காரணமாக அவை 2021 இல் நடைபெற்றன. ஆண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட எடைப் பிரிவின் இறுதிப் போட்டி 2021 ஆகஸ்ட் 7 ஆம் திகதி நடந்தது. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயும் மோதினார்கள். ஹாமிதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். சவூதியின் முதலாவது ஒலிம்பிக் தங்கம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அவர் வீசிய உயரமான உதை எதிராளியின் தலைப் பகுதியில் பலமாக விழுந்தது. கன்ஜ்சாதே அங்கேயே சரிந்தார். அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள்.

நடுவர்கள் கூடிப் பேசி ஹாமிதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம், விழுத்தியவருக்கு வெள்ளி.

உலகமே அதைப் பற்றி விவாதித்தது. குத்துச்சண்டை பார்த்துப் பழகியவர்களுக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் போட்டியின் விதிப்படி, அடி இலக்கை அடைய வேண்டும், அதே நேரம் கட்டுப்பாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிய தாக்குதல் புள்ளியாகக் கணிக்கப்படாது, குற்றமாகவே கணிக்கப்படும். ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலேயே இந்தச் சட்டம் என்றால், எமது ஊர் மண்டபத்தில் 10 வயதுப் பிள்ளைகள் இருவர் பழகும்போது எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி வேறு, போட்டி வேறு

போட்டியில் எதிரே நிற்பவர் எதிராளி. வகுப்பில் எதிரே நிற்பவர் கூட்டாளி. அவர் தன் உடம்பை உங்களிடம் இரவல் தருகிறார். அதை உடைக்காமல் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை. நாளை அவர் வராவிட்டால் நீங்கள் யாருடன் பழகுவீர்கள்?

ஜூடோவை 1882 இல் ஆரம்பித்த ஜிகோரோ கானோ, இருவரும் சேர்ந்து முன்னேறுவதையே தன் கலையின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தார். 1922 இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ சென்று கராத்தேயைப் பரப்பிய கிச்சின் புனகோஷி கட்டாவுக்கே முதலிடம் கொடுத்தவர். கட்டுப்பாடற்ற சண்டைப் பயிற்சியை அவர் விரும்பவில்லை. எமது கிழக்கு மாகாணத்தில் முன்னோர் பழகி வந்த சீனடி, சிலம்படியிலும் ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்கும் முறை இருக்கிறது. அங்கும் ஆசானுக்குக் கட்டுப்படுவதும் அடியை அளந்து போடுவதும்தான் அழகு.

உண்மையான பலசாலி மல்யுத்தத்தில் மற்றவரை வீழ்த்துபவன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்குபவனே என்ற கருத்திலான ஹதீஸை எம்மில் அறியாதவர் இல்லை. ஸ்பாரிங் அந்த அடக்கத்தைப் பழகுவதற்குக் கிடைக்கும் இடம். மூக்கில் ஒரு அடி பட்டதும் கோபம் வரும். அந்த நேரத்தில் மூச்சை விட்டு, கையை உயர்த்தி, அதே அளவு வேகத்தில் தொடர முடிந்தால் பிள்ளை ஒரு பெரிய பாடத்தைப் படித்துவிட்டது.

படிப்படியாகப் போக வேண்டும்

புதிதாக வந்த பிள்ளையை மூன்றாம் வாரமே நடுவில் நிறுத்தி "அடி" என்று சொல்வது பயிற்சி ஆகாது. நான் பின்பற்றும் ஒழுங்கு இது.

முதற்படி: சொல்லிவைத்த அடி. எந்தக் கை, எந்த இடம் என்று முன்கூட்டியே சொல்லி ஒருவர் அடிக்க, மற்றவர் தடுக்கிறார். ஆறு மாதம் இதிலேயே இருந்தாலும் நட்டமில்லை.

இரண்டாம் படி: ஒருவருக்கு மட்டும் அடிக்க அனுமதி. மற்றவர் தடுக்கலாம், விலகலாம், திருப்பி அடிக்க முடியாது. ஒரு நிமிடத்தில் மாறிக்கொள்ள வேண்டும். திருப்பி அடிக்க முடியாது என்று தெரிந்தால்தான் பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கப் பழகும்.

மூன்றாம் படி: இருவருக்கும் அனுமதி, ஆனால் ஆயுதம் ஒன்றுதான். முன்கைக் குத்து மட்டும், அல்லது முன்காலால் வயிற்றுக்கு உதைப்பது மட்டும். 

நான்காம் படி: சுதந்திரமான ஸ்பாரிங். அதிலும் வேகம் பாதிதான். ஆரம்பிக்கும் முன் இருவரும் அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்: "பத்தில் மூன்று." ஒருவர் மீறினால் மற்றவர் திருப்பிப் பலமாக அடிக்கக் கூடாது. கையை உயர்த்தி "கூடிப்போச்சு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வது கோழைத்தனம் அல்ல என்பதை மாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு சுற்று ஒன்றரை நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் போதும். களைத்துப் போன பிள்ளையின் கை கீழே இறங்கும், அடியின் அளவும் தப்பும். காயங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

தூரம்: சண்டைக் கலையில் பாதி தூரக் கணக்குத்தான். நீங்கள் கையை நீட்டினால் எதிரே நிற்பவரைத் தொட முடியாமல், அரை அடி முன்வைத்தால் தொட முடிகின்ற தூரத்தில் நில்லுங்கள். இதைப் பழக அடிக்கவே தேவையில்லை. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் முன்னும் பின்னும் நகர, மற்றவர் அதே இடைவெளியைக் காத்துக்கொண்டு நகர வேண்டும். இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும்.

கால்: நேராகப் பின்னுக்குப் போகாதீர்கள். மனிதன் பின்னோக்கிப் போவதைவிட முன்னோக்கி வருவது வேகம். இரண்டு அடி பின்வைத்தால் மூன்றாவது அடியில் பிடிபடுவீர்கள். ஒரு அடி பின், உடனே பக்கவாட்டில் ஒரு அடி. காலைக் குறுக்கே போடாமல், முதலில் போகும் திசையிலுள்ள காலை நகர்த்துங்கள்.

கண்: எதிராளியின் கையையோ காலையோ பார்க்காதீர்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சின் மேற்பகுதியில் பார்வையை வையுங்கள். கை வருவதென்றாலும் கால் வருவதென்றாலும் முதலில் தோளும் இடுப்பும்தான் அசையும்.

கை: குத்திய கை போன வழியிலேயே உடனே திரும்பி நாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆரம்ப மாணவர்கள் அடிபடுவதற்கு முக்கிய காரணம், அடித்த கையைக் கீழே தொங்கவிட்டு, பட்டதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்பது. நாடியைச் சற்றுக் கீழே வையுங்கள், வாயை மூடுங்கள். வாய் திறந்திருக்கும்போது அடிபட்டால் நாக்கும் தாடையும் பாதிக்கப்படும்.

மூச்சு: பயந்த பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் களைப்பு வந்துவிடும். அடிக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். வகுப்பில் சத்தமிட்டு அடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாளைக்கு ஒரு பாடம்: "இன்றைக்கு வெல்ல வேண்டும்" என்று போகாதீர்கள். "இன்றைக்குப் பக்கவாட்டில் விலகுவதை மட்டும் பழகுவேன்" என்று போங்கள். நாலு அடி வாங்கினாலும் பரவாயில்லை. முடிந்த பிறகு கூட்டாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு எந்த இடம் திறந்து கிடந்தது?" அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

பெரியவரும் சின்னவரும்: உயரத்திலும் எடையிலும் அனுபவத்திலும் கூடியவர்தான் பொறுப்பாளி. சின்னவருடன் பழகும்போது பெரியவர் தடுப்பதையும் விலகுவதையும் மட்டும் பயிற்சி செய்யலாம். அதில் அவருக்கும் லாபம் இருக்கிறது. கறுப்புப் பட்டி நானா ஒருவர் மஞ்சள் பட்டித் தம்பியை அடித்து விழுத்துவது எந்தத் திறமையையும் காட்டாது.

தரையும் சுத்தமும்

கொழும்பில் பெரும்பாலான வகுப்புகள் பாடசாலை மண்டபங்களிலும் வாடகை ஹோல்களிலும் நடக்கின்றன. தரை டைல்ஸ் அல்லது சீமெந்து. கையால் பட்ட அடியைவிட, பின்பக்கமாக விழுந்து பிடரி தரையில் அடிபடுவது எத்தனையோ மடங்கு ஆபத்தானது. ஆகவே மெத்தை விரிப்பு இல்லாத இடத்தில் காலைத் தட்டி விழுத்துவது, தூக்கிப் போடுவது போன்றவற்றைச் செய்யவே கூடாது. வியர்வை சொட்டிய தரையை ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் துணியால் துடைக்க வேண்டும்.

எமது காலநிலையில் தோல் நோய்கள் சீக்கிரம் பரவும். படை உள்ள பிள்ளை அது குணமாகும் வரை மற்றவரைத் தொட்டுப் பழகக் கூடாது. சீருடையை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். கை, கால் நகங்களை வெட்டி, மோதிரம், கைக்கடிகாரம், காதணிகளைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

மவுத் கார்ட், கையுறை, முழங்காலுக்குக் கீழே ஷின் கார்ட் ஆகிய மூன்றும் அவசியம். தலைக்கவசம் போட்டால் பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது வெட்டுக் காயத்தைக் குறைக்கும். ஆனால் தலை குலுங்கும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. கவசம் இருக்கிறது என்ற துணிச்சலில் இன்னும் பலமாக அடிப்பதுதான் நடக்கிறது.

தலையில் அடிபட்டால்

கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

2018 நவம்பரில் தாய்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் முவாய் தாய் போட்டியில் தலையில் அடுத்தடுத்து அடிபட்டு, மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தான். 8 வயதிலிருந்து 170க்கும் மேற்பட்ட போட்டிகளில் அவன் இறங்கியிருந்தான். சிறுவர்களைச் சண்டைக்கு இறக்குவது குறித்து அந்த நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது.

தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்டால் மயக்கம் வந்தே தீரும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் மயக்கம் வருவதில்லை. தலைவலி, தலைசுற்று, ஓங்காளம், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கேட்டதையே திரும்பக் கேட்பது, தடுமாறி நடப்பது, வழக்கத்துக்கு மாறாக அழுவது அல்லது எரிச்சல்படுவது போன்றவைதான் அறிகுறிகள். சில நேரம் மணித்தியாலங்கள் கழித்தே தெரியும்.

சந்தேகம் என்றாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். அன்றைய தினம் திரும்ப இறக்கவே கூடாது, "எனக்கு ஒன்றுமில்லை சேர்" என்று பிள்ளை கெஞ்சினாலும் சரி. 2022 இல் அம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் வழிகாட்டலும் இதையே சொல்கிறது. முதல் 24 முதல் 48 மணித்தியாலங்கள் ஓய்வு. கைப்பேசி, தொலைக்காட்சியையும் குறைக்க வேண்டும். பிறகு மெல்ல நடை, இலேசான உடற்பயிற்சி, தனியாகக் கட்டா என்று படிப்படியாக ஏற வேண்டும். முதலில் பாடசாலைப் படிப்புக்கு முழுமையாகத் திரும்பி, அறிகுறிகள் எல்லாம் போய், வைத்தியரும் அனுமதித்த பிறகுதான் மீண்டும் ஸ்பாரிங். பிள்ளைகளுக்கு இது சில வாரங்கள் எடுக்கலாம். முதல் அடி குணமாகும் முன்னர் இரண்டாவது அடிபடுவதுதான் மிக ஆபத்தானது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம், மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வருதல், சுயநினைவு இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இலவச சேவை அது. கழுத்தில் வலி என்றால் பிள்ளையைத் தூக்கி நிறுத்தாமல் கிடந்த நிலையிலேயே வைத்திருங்கள். எமது பகுதிக்கு பொரளை சிறுவர் வைத்தியசாலையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் அருகிலேயே இருக்கின்றன. தைலம் தடவிவிட்டுக் காலையில் பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள்.

முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கும்படி வந்துள்ள ஹதீஸைக் காட்டி, முகத்துக்கு அடிக்கும் ஸ்பாரிங் கூடுமா என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியாளன் என்ற வகையில் நான் சொல்வது, பிள்ளைகளின் வகுப்பில் முகமும் தலையும் இலக்கே அல்ல. கழுத்துக்குக் கீழே மட்டும் அடித்துப் பழகுவதால் எந்தக் கலையும் குறைந்துவிடாது.

நோன்பும் எடையும்

ரமழானில் வகுப்பை நிறுத்தத் தேவையில்லை. நோன்புடன் ஸ்பாரிங் மட்டும் வேண்டாம். நீர்ச்சத்துக் குறைந்த உடம்பு களைக்கும், கவனம் சிதறும், அடியின் அளவு தப்பும். நோன்பு திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் கட்டா, நீட்டிப் பழகும் பயிற்சி, அடிவைப்பு என்று இலேசாகச் செய்யலாம். கடுமையான பயிற்சியை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

போட்டி நெருங்கும்போது எடைப் பிரிவுக்காகப் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க விடாமல் வைப்பது பெரும் தவறு. 1997 இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியன் பிங் மணிலாவில் இறந்ததும் போட்டிக்காக எடை குறைத்த வேளையில்தான். அதன் பின்னர் அந்தப் போட்டியை நடத்திய நிறுவனம் தன் விதிகளையே மாற்றியது. வளரும் பிள்ளை தன் எடைக்கு உரிய பிரிவில் நிற்கட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

பெண் பிள்ளைகள்

"முந்தானையுடன் எப்படிப் பழகுவது?" என்று தயங்கும் தாய்மாருக்கு ஒரு தகவல். எகிப்தின் ஹிதாயா மலக் ஹிஜாபுடன் தாய்குவாண்டோவில் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் டோக்கியோவிலும் வெண்கலம் வென்றவர். உலக கராத்தே சம்மேளனமும் தலையை மறைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆடையை அனுமதிக்கிறது. பயிற்சியில் ஊசி, பின் குத்தாத, ஒரே துண்டாக இழுத்துப் போடும் விளையாட்டு ஹிஜாபைப் பாவியுங்கள். பெண் பிள்ளைகள் தமக்குள் ஜோடி சேர்ந்து பழகும் ஏற்பாடும், முடியுமானால் பெண் பயிற்றுவிப்பாளரும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வகுப்பில் சேர்க்கும் முன்

சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் கிண்ணங்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நாள் முழு வகுப்பையும் இருந்து பாருங்கள். பெற்றோரை உள்ளே இருக்கவிடாத வகுப்பென்றால் யோசிக்க வேண்டும். ஸ்பாரிங் நடக்கும்போது மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா, கைப்பேசியில் இருக்கிறாரா? பலமாக அடித்த பிள்ளையை நிறுத்துகிறாரா, தட்டிக்கொடுக்கிறாரா? அழுத பிள்ளையை மற்றவர்கள் சிரிக்கவிடுகிறாரா? முதலுதவிப் பெட்டியும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் கைவசம் இருக்கின்றனவா? இவ்வளவும் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

வகுப்பில் பழகியதைப் பாதையில் காட்டக் கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். வெளியில் பிரச்சினை வந்தால் முதல் பாதுகாப்பு அந்த இடத்தைவிட்டு விலகுவது, அடுத்தது சத்தமிட்டு ஆட்களை அழைப்பது. வேறு வழியே இல்லாத கட்டத்தில்தான் கை.

கடைசியாக வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் ஓரத்தில் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு "அடி மகன், விடாதே!" என்று கத்தாதீர்கள். உங்கள் சத்தத்துக்காகத்தான் பிள்ளை அளவை மீறுகிறது. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் "யாருக்கு அடித்தாய், யார் வென்றது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு என்ன பழகினாய்? கூடப் பழகிய பிள்ளை நல்லபடியாக வீட்டுக்குப் போனதா?" என்று கேளுங்கள். நாலு வாரம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் ஆட்டத்தில் வரும் மாற்றத்தை மாஸ்டரே வந்து உங்களிடம் சொல்வார்.